ஜெனோவா வீட்டுச் சமையல், அம்மா சுத்த சைவம்: என்ன செய்யலாம்?

சூரமங்கலம்_சமையல்:
அக்கா பையன் இத்தாலியில் ஜெனோவாவில் கப்பல் வேலை, அடுத்த மாதம் சேலம் வருகிறான். அந்தக் கடற்கரைப் பக்கம் வீடுகளில் செய்வதை ஒருநாள் செய்து போடலாம் என்று ஆசை. சீஸ் கொட்டிய பீட்சா வேண்டவே வேண்டாம். அம்மா முட்டைகூடத் தொட மாட்டார். என்னிடம் ஓடிஜி (சின்ன மின்சார ஓவன்) இருக்கிறது. பெஸ்டோ, அதாவது பேசில் இலையை ஆலிவ் எண்ணெய், சீஸ் சேர்த்து அரைத்துப் பாஸ்தாவில் கலக்கும் துவையல், அதற்குத் துளசி போட்டால் ஆகுமா? ஆலிவ் எண்ணெய் விலையைப் பார்த்தால் மயக்கம் வருகிறது, நல்லெண்ணெய் ஊற்றலாமா?

கடலைமாவு_கட்சி:
பெஸ்டோ இருக்கட்டும், முதலில் ஃபாரினாட்டா செய்யுங்கள், கடலை மாவில் ஓவனில் சுடும் அடை மாதிரி. ஜெனோவா இருக்கும் லிகூரியா பகுதியில் மலை நேராகக் கடலில் இறங்கும், கோதுமை போடச் சமநிலம் கிடையாது, சரிவைப் படிப்படியாக வெட்டி ஆலிவ் வைத்திருக்கிறார்கள், அதனால் பாரம்பரியச் சமையலில் வெண்ணெயைவிட எண்ணெய், கீரை, கடலை மாவு இவைதான் அதிகம். ஃபாரினாட்டாவில் முட்டை, பால், சீஸ் எதுவும் இல்லை, அம்மா தாராளமாகச் சாப்பிடலாம். கடலை மாவு ஒரு பங்கு, தண்ணீர் எடையில் மூன்று பங்கு, உப்பு. நான்கு மணி நேரமாவது ஊறட்டும், மேலே வரும் நுரையை எடுத்துவிடுங்கள். அகலமான தட்டில் ஆலிவ் எண்ணெயை ஊற்றி, மாவை அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பரப்பி, ஓடிஜியை 250 டிகிரிக்கு நன்றாகச் சூடாக்கிவிட்டு உள்ளே வையுங்கள். அங்கே ஈயம் பூசிய பெரிய செம்புத் தட்டில் விறகு அடுப்பில் சுடுவார்கள். மேலே பொன்னிறமாக வர வேண்டும், உள்ளே குழைவாக இருக்க வேண்டும். வெளியே எடுத்ததும் மிளகுத்தூள், ஏற்காட்டு மிளகு இருந்தால் இன்னும் நல்லது. நல்லெண்ணெய் மட்டும் வேண்டாங்க, அப்புறம் அதில் எள் வாசம்தான் இருக்கும். விலை உறுத்தினால் பெஸ்டோவைக் குறைத்துக்கொள்ளுங்கள், இதில் குறைக்காதீர்கள்.

மலையேறி:
துளசி போடாதீர்கள், கஷாய வாசம் வந்துவிடும். திருநீற்றுப்பச்சிலைதான் பேசிலின் அதே இனம், சப்ஜா விதை அதிலிருந்துதான் வருகிறது, தொட்டியில் விதைத்தால் சீக்கிரம் முளைக்கும். வாசம் ஜெனோவா இலையைவிடக் கொஞ்சம் காரமாக இருக்கும், பூ விடும் முன்னே இளம் இலையாகப் பறியுங்கள். அங்கே சலவைக்கல் உரலில் மர உலக்கையால் இடிப்பார்கள். மிக்ஸி என்றால் ஜாரை முதலில் ஃப்ரிட்ஜில் குளிர வைத்து, நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள், சூடானால் இலை கறுத்துவிடும். பைன் விதைக்குப் பதில் முந்திரி போதும். பெஸ்டோவை அடுப்பில் வைக்கவே கூடாது, பாஸ்தா வெந்த தண்ணீரில் கொஞ்சம் ஊற்றித் தளர்த்தினால் சரி. பாஸ்தா வேகும் அதே பானையில் உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்து வேகவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம்.

இன்னொன்று, இங்கே ஏற்காட்டில் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு மேல் கொஞ்சம் வேகவிட வேண்டியிருக்கிறது. சேலத்தில் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஓரமாக_உட்கார்ந்தவன்:
அம்மாவுக்குச் செய்கிறீர்கள், சீஸைக் கவனியுங்கள். பெஸ்டோவில் போடும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற உறைபொருள் போட்டுத்தான் உறைய வைக்கிறார்கள், அது சைவம் ஆகாது. சீஸ் சேர்க்கும் முன் அம்மா பங்கைத் தனியாக எடுத்துவிடுங்கள், இல்லை பச்சைப் புள்ளி போட்ட சீஸ் வாங்குங்கள். பையன் மீன் சாப்பிடுவானா? அவர்கள் பக்கம் நெத்திலிக்கு ஏக மரியாதை, அந்தக் கடற்கரையில் வெர்னாட்சா என்ற ஊரில் உருளைக்கிழங்கு, நெத்திலி, தக்காளி என்று அடுக்கி ஓவனில் வைப்பார்கள்.

சூரமங்கலம்_சமையல்:
நெத்திலி எங்கள் வீட்டுக்குள் வராது, அவன் வெளியே பார்த்துக்கொள்ளட்டும். சப்ஜா விதை வீட்டிலேயே இருக்கிறது, இன்றே போட்டுவிடுகிறேன். கடலை மாவு மிஷினில் அரைத்ததா, பாக்கெட்டா?

கடலைமாவு_கட்சி:
எதுவானாலும் சரி, கட்டியில்லாமல் சலித்துக்கொள்ளுங்கள். பஜ்ஜி மாவு பாக்கெட்டை மட்டும் தூக்கிவிடாதீர்கள், அதில் மிளகாயும் சோடாவும் இருக்கும்.