பிலிம் ரேஞ்ச்ஃபைண்டரில் இப்போதும் தொழில் செய்பவர்கள் இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். பதினோரு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன், எல்லாம் டிஜிட்டலில்தான். போன மாதம் சித்தப்பா தன்னுடைய லெய்கா எம்3 என்ற பிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டார். 1954-இல் வந்த மாடல்; பேட்டரி கிடையாது, லைட் மீட்டரும் கிடையாது.

ரேஞ்ச்ஃபைண்டர் என்றால், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் நடுவில் ஒரு சின்ன வெளிச்சக் கட்டம். அதற்குள் பாட்டியின் மூக்குத்தி இரண்டாகத் தெரிகிறது. லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகிவிட்டால் ஃபோகஸ் சரி. சொக்கிப்போனேன். ஆனால் முதல் ரோலில் பாதியை லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்துத் தொலைத்தேன்! லென்ஸ் வழியாகப் பார்க்கிற கேமரா இல்லையே, மூடி இருப்பதே தெரியாது.

சரி, கேள்விக்கு வருகிறேன். 2022-இல் எம்6 என்ற பழைய பிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் மாடலை லெய்கா மறுபடி கொண்டுவந்தது, அதனால் வாங்க ஆள் இருக்கிறது என்பது புரிகிறது. ஆசைக்கு வைத்திருப்பவர்களைக் கேட்கவில்லை. காசு வாங்கிச் செய்கிற வேலையில் யாராவது இதை நம்பி இறங்குகிறீர்களா, இல்லை டிஜிட்டலோடு கூடுதலாக ஒரு ரோல் மட்டுமா? 36 படம் முடிந்து, அடித்தட்டைக் கழற்றி ரோல் மாற்றுவதற்குள் தாலி கட்டி முடிந்துவிடாதா? 1/50 நொடியைவிட வேகமான ஷட்டரில் ஃப்ளாஷ் ஒத்துவராது என்பதும் இடிக்கிறது.

அப்புறம், அந்த இரட்டை பிம்பம் மேலும் கீழுமாகக் கொஞ்சம் விலகி நிற்கிறது. ஒரு கடையில் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பித் தந்துவிட்டார்கள். சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.