உதவி தேவை: நாற்றைத் தின்பது ஆப்பிரிக்க நத்தையா, நம்மூர் நத்தையா?

மாடித்தோட்டம், நாகர்கோவில்:
மழை விட்டதிலிருந்து வெண்டை நாற்றும் கீரையும் விடிவதற்குள் மொட்டையாகிவிடுகின்றன. டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு விதமான நத்தைகள். ஒன்று கூம்பாக, என் நடுவிரலைவிட நீளம். இன்னொன்று தட்டை; பளபளவென்று, ஓட்டைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. பக்கத்து வீட்டக்கா “எல்லாமே ஆப்பிரிக்க நத்தை, உப்பைக் கொட்டு” என்கிறார். என்ன செய்யட்டும்?

ஓடு பொறுக்கி:
உப்பைக் கொட்டிவிடாதீர்கள் அக்கா, மண் கெட்டுப்போகும். கூம்பு நத்தை ஆப்பிரிக்கப் பெருநத்தைதான், அகாட்டினிடே குடும்பம். கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. மொரீஷியஸிலிருந்து 1847-ல் பென்சன் என்பவர் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார், அங்கிருந்து பரவியது. ஒவ்வொன்றிலும் ஆண், பெண் இரண்டு உறுப்புகளும் உண்டு. ஒரு தடவைக்கு நூற்றுக்கும் மேல் முட்டையிடும்.

தட்டை நத்தை ஏரியோஃபாண்டிடே குடும்பம் என்று நினைக்கிறேன். இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியாவின் சொந்தக் குடும்பம் அது. வால் நுனியைப் பாருங்கள். கொம்பு மாதிரி சின்ன முளை நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். பட்டை போட்டது அநேகமாகக் கிரிப்டோசோனா.

மாடித்தோட்டம்:
ஓடு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தால் போதாதா?

ஓடு பொறுக்கி:
போதாது. கிரிப்டோசோனா, பெருநத்தை இரண்டுக்குமே, உச்சியை மேலே வைத்துப் பிடித்தால் வாய் வலப்பக்கம் இருக்கும். இதே குடும்பத்து ஏரியோஃபாண்டா லீவிப்பெஸ் நத்தைக்கோ வாய் இடப்பக்கம். பெயரில் ‘வலம்’ இருந்தாலும், அபூர்வமான வலம்புரிச் சங்குக்கும் இப்படிப் பிடித்தால் வாய் இடப்பக்கம்தான்! மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இன்ட்ரெல்லாவும் இவற்றின் உறவு. உடம்பு செக்கச்செவேலென்று இருக்கும், ஓட்டுக்குள் முழுசாக அடங்காது. ஒருமுறை பார்த்தால் நத்தையை மிதிக்கவே மனசு வராது.

வாழைத்தோப்பு:
அக்கா, வெறுங்கையால் தொடாதீர்கள். பெருநத்தை எலியின் நுரையீரல் புழுவைச் சுமக்கும். மனுஷனுக்கு அது மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோய்விடும். கீரையை நன்றாக அலசுங்கள். சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து, அடியில் பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் இலையும் போட்டுவையுங்கள். காலையில் மொத்தமாக ஒதுங்கியிருக்கும். கையுறையோடு பொறுக்கி, வாளியில் கெட்டியான உப்புத் தண்ணீரில் போட்டு, செத்தபின் தள்ளிக் குழியில் புதையுங்கள். நத்தை மருந்துக் குருணை வேண்டாம், நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து.

மாடித்தோட்டம்:
சாக்கு வைத்தேன். கூம்பு நத்தை பதினொன்று, தட்டை மூன்று. தட்டை மூன்றுக்கும் வாலில் கொம்பு இருக்கிறது! அவற்றை வேலியோரக் குப்பைமேட்டில் விட்டுவிட்டேன். தொட்டி மண்ணில் மஞ்சள் கலந்த வெள்ளையில் முட்டைக் குவியல் ஒன்று, மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. பெருநத்தையுடையதுதானே?

ஓடு பொறுக்கி:
அந்த அளவென்றால் அதுதான். இன்றைக்கே எடுத்து நசுக்கிவிடுங்கள். மற்றத் தொட்டிகளையும் கிளறிப் பாருங்கள்.