திருக்கடையூர் போகிற வழியில் அம்மா உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம்

நொய்யல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். தை கடைசியில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். கோயம்புத்தூரிலிருந்து வருகிறோம், சின்னவர் பெரியவர் சேர்த்துப் பதினோரு பேர். கும்பகோணத்தில் தங்கல். சடங்கு நாளன்று சாப்பாட்டுக்கு அங்கேயே சொல்லியாகிவிட்டது. அதற்கு முதல் நாள் மதியத்துக்குத்தான் இடம் தேடுகிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. வெளியில் சாப்பிட்டால் நெஞ்சு எரிச்சலும் வந்துவிடும். போன வருஷம் நெடுஞ்சாலையில் ஒரு பெரிய ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு, அன்று இரவு முழுக்கப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார்.

ஆனால் நான் தேடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அம்மா எங்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் சாப்பிடுகிறார். அவர் உட்காரும்போது பொரியல் தீர்ந்திருக்கும், குழம்பு ஆறியிருக்கும். ஒரு வேளையாவது அவரை முதல் பந்தியில் உட்காரவைத்து, இன்னொரு பெண் சமைத்ததை யாராவது சுடச்சுடப் பரிமாற, அவர் நிதானமாகச் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் பெண்களே நடத்துகிற மெஸ் இருக்கிறதா? 'வீட்டுச் சாப்பாடு' என்று பலகை வைத்திருப்பதை நம்பிப் போகலாமா?


அரசலாற்றங்கரை:

காலை டிபனுக்குக் கவலை வேண்டாம். கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா போடுகிற இடமாக விசாரித்துப் போங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பச்சைமிளகாய் அரைத்துவிட்டுச் செய்வது. காரம் குறைவு, அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளும். எல்லா நாளும் இருக்காது, கேட்டுவிட்டு உட்காருங்கள்.

மதியம்தான் கஷ்டம். நவக்கிரகக் கோயில்களுக்கு வருகிற வேன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். பலகையைப் பார்த்து நான் இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன், அதனால் அதைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


படுகைவீட்டு அக்கா:

தங்கச்சி, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். வேலை முடிந்து இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பதினொரு வருஷமாக மெஸ் நடத்துகிறேன். மெஸ் என்றால் எங்கள் வீட்டுத் திண்ணையும் ரேழியும்தான். பெயரும் நம்பரும் இங்கே போட மாட்டேன், விளம்பரமாகிவிடும். என்னிடம்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. எந்த ஊரானாலும் எதைப் பார்த்துப் போக வேண்டும் என்று சொல்கிறேன்.

பலகையை விட்டுவிடுங்கள். காலையில் ஒன்பது மணிக்குப் போன் செய்து, "இன்றைக்கு என்ன காய்?" என்று கேளுங்கள். "எல்லாம் இருக்கு, வாங்க" என்று பதில் வந்தால் சரி என்று வைத்துவிடுங்கள். "அவரை வந்திருக்கு, வாழைத்தண்டு வந்திருக்கு, குழம்பு இன்னும் முடிவு பண்ணல" என்று சொன்னால் நம்பிப் போகலாம். வீட்டில் காயைப் பார்த்த பிறகுதானே குழம்பு முடிவாகும்.

வாழைப்பூ போடுவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். படுகையில் வாழை இருக்கிற ஊர்கள் இவை, பூவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதை ஆய்வதற்குள் இடுப்பு விட்டுப்போகும். மடல் மடலாகப் பிரித்து, ஒவ்வொரு பூவுக்கும் நடுவில் தீக்குச்சி மாதிரி நிற்கிற கள்ளனையும், அடியில் கண்ணாடி மாதிரி ஒட்டியிருக்கிற செதிலையும் பிடுங்க வேண்டும். விட்டுவிட்டால் எவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தாலும் வேகாது. உடனுக்குடன் மோர்த் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துப்போகும். கையில் எண்ணெய் தடவாமல் உட்கார்ந்தால் கறை நாலு நாளைக்குப் போகாது. எனக்கு ஆறு பூ வேண்டும், மூன்று பேர் உட்கார்ந்தாலும் ஒரு மணி நேரம் ஓடிவிடும். நானூறு பேருக்குச் சமைக்கிற இடத்தில் இதற்கு யார் உட்காருவார்கள்? அதனால்தான் வாழைப்பூ உசிலி போடுகிற கடை என்றால் எனக்கு ஒரு மரியாதை.

நான் ஒரு நாளைக்கு நாற்பது இலைதான் போடுகிறேன். ஆளுக்கு 150 கிராம் வீதம் ஆறு கிலோ அரிசி. அதையும் ஒரே அடியாக வடித்துக் கொட்டுவதில்லை. பதினொன்றரைக்கு, பன்னிரண்டே காலுக்கு, ஒரு மணிக்கு என்று மூன்று தடவை. மொத்தமாக வைத்தால் அடியில் இருப்பது குழைந்துவிடும், மேலே இருப்பது விறைத்துவிடும். அரிசி ஆடுதுறை 43, இங்கே ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் வந்த ரகம். பக்கத்து வயலில் விளைந்ததை வாங்கி ஒரு வருஷம் பழசாக்கித்தான் எடுப்பேன். தையில் சம்பா அறுத்துப் புது அரிசி வந்துவிடும், பொங்கலுக்கு அது அருமை. சாதத்துக்கு ஆகாது, குழைந்துபோகும், வயிறும் மந்தமாகும். நீங்கள் வருகிற நேரம் அது என்பதால், எங்கே போனாலும் "பழைய அரிசியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அம்மாவின் நெஞ்சு எரிச்சலுக்கு நான் காரத்தைக் குற்றம் சொல்ல மாட்டேன். அப்பளம் பொரித்து மிச்சமான எண்ணெயிலேயே எல்லாவற்றையும் தாளித்தால் யாருக்குத்தான் எரியாது? எங்களிடம் அந்த எண்ணெய் மறுபடி அடுப்பு ஏறாது. வத்தக்குழம்புக்குத் தனியாக நல்லெண்ணெய்.

என்னோடு இரண்டு பேர் வேலை செய்கிறார்கள், எங்கள் மகளிர் குழுவில் இருப்பவர்கள். 2023 ஆகஸ்ட் 25-இல் திருக்குவளையில் தொடங்கிக் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் கொண்டுவந்தார்களே, அப்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இவர்களுக்குச் சமையல் வேலை கிடைத்தது. விடியற்காலையில் போய் உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ செய்து, பிள்ளைகளுக்குப் போட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒன்பதரைக்கு இங்கே வந்துவிடுவார்கள். தினமும் பிள்ளைகளுக்கு அளந்து சமைக்கிற கை, உப்பு தப்பவே தப்பாது. கிரைண்டர் வாங்கியதுகூடக் குழுக் கடனில்தான். போன ஆடியில் கட்டி முடித்துவிட்டோம்.

ஏன் நாற்பது இலை என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் கணக்கு வைத்துக்கொண்டதில்லை. ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வேன் வந்து நின்றது. இருபத்திரண்டு பேர், கோயில் சுற்றிவிட்டு நல்ல பசியில். திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. சாம்பாரில் வெந்நீரை விட்டு நீட்டினேன், அவசரத்துக்குக் குக்கரில் சாதம் வைத்தேன். அதில் ஒரு பெரியவர் இரண்டு வாய் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. மோர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு, முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த இலையை மடித்து எடுக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து நாற்பது ஆனதும் வாசல் பலகையைத் திருப்பிவிடுகிறேன், யார் வந்து நின்றாலும் சரி.

ஆகவே, பதினோரு பேர் என்றால் முதல் நாள் சாயங்காலமே சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு, பன்னிரண்டே காலுக்குள் வந்துவிடுங்கள். சர்க்கரைக்குச் சாதத்தைக் குறைத்துக் காயைக் கூட வாங்கிக்கொள்ளலாம், நாங்கள் அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. பாயசம் வேண்டாம் என்றால் இலை போடும்போதே சொல்லுங்கள். வைத்த பிறகு ஒதுக்க அம்மாவுக்கே மனசு வராது. சுவரில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விலை மட்டும் குறைத்துக் கேட்காதீர்கள். நான் இலைக்கு 130 ரூபாய் வாங்குகிறேன். வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்கு எரிக்கக் கூடாது, 19 கிலோ சிலிண்டர்தான் போட வேண்டும். அதையும் நல்லெண்ணெயையும் இரண்டு பேர் கூலியையும் கூட்டினாலே கணக்கு புரியும்.

அப்புறம், அம்மாவை முதல் பந்தியில் உட்காரவைப்பதாக எழுதியிருந்தீர்கள். நாங்கள் மூன்று பேரும் மூன்று மணிக்கு மேல்தான் சாப்பிடுகிறோம், அதனால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். பேரப்பிள்ளைக்குப் பிசைந்து கொடுக்கிறேன், அப்பாவுக்கு அப்பளம் வாங்கித் தருகிறேன் என்று எழுந்துகொண்டே இருப்பார். சுவர் மூலையில் உட்காரவைத்துப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்களைத் தாண்டாமல் எழ முடியாதபடி.


வெட்டாறு:

அக்கா சொன்னதெல்லாம் சரி. ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை, அது கேள்வியிலேயே இருக்கிறது. பெண் கை என்று ஏன் தேட வேண்டும்? என் தாத்தா தஞ்சாவூர், திருவாரூர் பக்கமெல்லாம் கல்யாணச் சமையலுக்குப் போனவர். அவர் வைத்த ரசத்துக்காகவே பந்தியில் மறுபடி உட்கார்ந்தவர்கள் உண்டு. கைப்பக்குவத்தில் ஆண் என்ன, பெண் என்ன?

மீன் சாப்பிடுகிறவர்கள் என்றால் சடங்கு முடிந்த மறுநாள் நாகப்பட்டினம் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்போது வந்தால் கடல் மீனுக்குத் திண்டாட வேண்டும். தையில் அந்தக் கவலை இல்லை.


படுகைவீட்டு அக்கா:

தம்பி, தாத்தா மாதிரி ஆட்களிடம் கற்றுக்கொண்டவள்தான் நானும். புளியைக் கரைத்துக் கொதிக்கவிடுகிற பக்குவத்தை ஒரு கல்யாணச் சமையல்காரர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பிடித்தேன். ஆனால் தாத்தாவுக்குக் கூலி இருந்தது, பேசின தொகைக்கு மேல் தாம்பூலத் தட்டில் வேட்டி வைத்து அனுப்பியிருப்பார்கள். அதே ரசத்தை உங்கள் பாட்டி வீட்டில் தினமும் வைத்திருப்பார், அவருக்கு யாரும் தட்டு நீட்டியதில்லை. இப்போது அந்த மாதிரி ஒரு கைக்கு இலைக்கு இத்தனை ரூபாய் என்று கணக்காக வருகிறது. தங்கச்சி அந்த மாதிரி இடத்தில் தன் அம்மாவை உட்காரவைக்க நினைக்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.


வெட்டாறு:

சரி அக்கா. பாட்டி ஞாபகம் வந்துவிட்டது.


நொய்யல்காரி:

நல்லபடியாகப் போய்விட்டு வந்தோம். எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

அக்காவுக்குத் தனியாக எழுதி, அவர் வீட்டுக்கே போனோம். அன்று அவரைக்காய் பொரியல், வாழைத்தண்டு பச்சடி, பச்சை மொச்சையும் பரங்கிக்காயும் போட்ட சாம்பார், மணத்தக்காளி வத்தக்குழம்பு, மிளகு ரசம், மோர். தொட்டுக்கொள்ள மாங்காய் இஞ்சி ஊறுகாய். அம்மாவைச் சுவர் மூலையில் உட்காரவைத்துப் பக்கத்தில் நான் அணை கட்டினேன். முதலில் இரண்டு தடவை எழப் பார்த்தார். அக்கா வந்து, "நீங்க உட்காருங்கம்மா, பிள்ளைக்கு நான் பார்த்துக்கிறேன்" என்று தோளைத் தொட்டு உட்காரவைத்தார்.

சாதம் கொஞ்சமாகத்தான் வாங்கினார். ஆனால் வத்தக்குழம்பை மறுபடி கேட்டு வாங்கினார். கரண்டியைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று அம்மா வாய்விட்டுக் கேட்டதை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன். வீட்டில் அவர் யாரிடம் கேட்பார்? அப்பாவும் கவனித்திருக்கிறார். ஒன்றும் பேசாமல், எட்டிப் பார்த்து, தன் இலைக்கு வந்த அப்பளத்தை எடுத்து அம்மா இலையில் வைத்தார்.

கை கழுவப் போன அம்மாவைக் காணோம் என்று தேடினால், அடுப்படிக்குப் பக்கத்தில் அந்த மூன்று பேரோடு தரையில் உட்கார்ந்து மறுநாளைக்கு வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருக்கிறார். எங்கள் பக்கம் எப்படிச் செய்வோம், இவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரே பேச்சு. கூப்பிட்டேன், "நீங்க போய்க் கார்ல உட்காருங்க, வர்றேன்" என்றார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம், யாருக்கும் அவசரமாகத் தோன்றவில்லை. கையில் எண்ணெய் தடவிக்கொள்ளவில்லை போலிருக்கிறது, மறுநாள் மாலை மாற்றும்போது எடுத்த போட்டோவில் விரல் நுனியெல்லாம் கறை தெரிகிறது. அன்று இரவு நன்றாகத் தூங்கினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, கிளம்பும்போது நீங்கள் கட்டிக் கொடுத்த மணத்தக்காளி வத்தல் தீர்ந்துவிட்டது. கால் கிலோ கூரியரில் அனுப்ப முடியுமா என்று அம்மா கேட்கச் சொன்னார். விலையும் எழுதுங்கள், காசு வாங்காமல் அனுப்பினால் அவர் கோபித்துக்கொள்வாராம்.