தகரக் கூரைக்குச் சூரிய மின்பூச்சு: கோத்தகிரிப் பக்கம் இது உதவுமா?

கேட்பவர்: கோத்தகிரிவாசி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து சற்றுத் தள்ளி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு இருக்கிறது. ஏறத்தாழ 650 சதுர அடித் தகரக் கூரை. போட்டு இருபது ஆண்டுகள் ஆகிவிட்டதால் ஓரங்களில் துரு ஏறியிருக்கிறது. மின்கட்டணம் கூடிக்கொண்டே போவதால் சூரிய மின்சாரம் வைக்கலாம் என்று விசாரித்துக் கொண்டிருந்தபோது, ஒருவர் வீடு தேடி வந்து, இனிமேல் பேனலே தேவையில்லை, "சோலார் கோட்டிங்" என்ற பூச்சைக் கூரையில் இரண்டு கை அடித்துவிட்டால் போதும், பனிமூட்டத்திலும் மின்சாரம் வரும், சிலிக்கான் பேனலைப் போலச் சுற்றுச்சூழலுக்குக் கேடும் இல்லை என்று விளக்கினார். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். வெளிநாட்டில் காருக்கே இத்தகைய வண்ணம் பூசுகிறார்கள் என்று என் மகனும் ஒரு செய்தியைக் காட்டினான்.

இது உண்மையா, உண்மையென்றால் எங்கள் ஊர் மழைக்கும் பனிக்கும் தாங்குமா, அல்லது சில ஆண்டுகள் காத்திருப்பது நல்லதா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மின்சாரத்தைப் பெரிதும் இழுப்பது கீசர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் வெந்நீர் இல்லாமல் இங்கே யாரும் குளிப்பதில்லை.

மறுமொழி: உதகை, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டு விளக்கத்துக்கு வருகிறேன்.

வெளிச்சத்தை மின்சாரமாக்கும் எந்தப் பொருளானாலும் அதன் ஒரு பக்கம் ஒரு மின்வாயும் மறுபக்கம் இன்னொரு மின்வாயும் இருந்தால்தான் மின்னோட்டத்தை வெளியே எடுக்க முடியும். அவற்றுள் ஒன்று வெளிச்சத்தை உள்ளே விடும் ஒளிபுகு மின்வாயாக இருக்க வேண்டும். இடையில் எலக்ட்ரான்களை ஒரு திசையிலும் துளைகளை (எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடங்களை) எதிர்த்திசையிலும் கடத்தும் மெல்லிய படலங்கள் வேண்டும். ஆக, "பூச்சு" என்று சொல்லப்படுவது உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாக இடப்படும் நான்கைந்து படலங்கள். அவற்றில் ஊசிமுனையளவு ஓட்டை விழுந்தாலும் மேல் மின்வாயும் கீழ் மின்வாயும் தொட்டுக்கொண்டு அந்தப் பகுதி பயனற்றுப் போகும். இப்போது ஆய்வில் பெரிதும் பேசப்படும் பெரோவ்ஸ்கைட் என்னும் படிகப் பொருளில் ஒளியை உறிஞ்சும் படலம் அரை மைக்ரோமீட்டர் அளவே தடிமன் கொண்டது. நம் ஊர் டஸ்ட் தேயிலையின் ஒரு துகள் அதைவிடப் பல நூறு மடங்கு பெரியது. துருவும் மடிப்பும் உள்ள தகரத்தின்மேல், ஏணியில் நின்றுகொண்டு, தூரிகையால் அத்தகைய படலத்தை இட முடியுமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆராய்ச்சி பொய்யல்ல. 1991இல் ஓரேகனும் கிராட்செலும் சுவிட்சர்லாந்தில் சாயமேற்றிய டைட்டானியம் ஆக்சைடு மின்கலத்தை ஏறத்தாழ 7 விழுக்காடு திறனுடன் செய்து காட்டினார்கள். 2009இல் ஜப்பானில் மியாசாகா குழுவினர் பெரோவ்ஸ்கைட்டில் 3.8 விழுக்காட்டை எட்டினார்கள். இன்று ஆய்வகத்தில், விரல்நகம் அளவுள்ள கலங்களில், அது 26 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. உண்மையாகவே தூரிகையால் பூசத்தக்க குவாண்டம் புள்ளி (மிக நுண்ணிய குறைக்கடத்தித் துகள்) வண்ணத்தை அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் காமத் குழுவினர் 2011இல் உருவாக்கினார்கள். அதன் திறன் 1 விழுக்காடு. நண்பகல் வெயிலில் 3 கிலோவாட் வேண்டுமானால், 20 விழுக்காட்டுப் பேனலுக்கு 160 சதுர அடி போதும். அந்த வண்ணத்துக்கு ஏறத்தாழ 3,200 சதுர அடி வேண்டும். உங்கள் கூரையைப் போல ஐந்து கூரைகள்.

உங்கள் மகன் காட்டியது மெர்சிடிஸ் நிறுவனம் 2024இல் அறிவித்த ஆய்வாக இருக்கலாம். அது 5 மைக்ரோமீட்டர் தடிமன், 20 விழுக்காடு திறன் என்று சொல்லப்படும் படலம். தொழிற்சாலையில் காரின் உடற்தகட்டில் இடுவதற்கென்று எண்ணப்படுவது அது. கடையில் வாளியில் கிடைக்கும் சரக்கு அல்ல.

மறுமொழி: கொடைக்கானல் நண்பர்

ஐயா சொன்னதோடு இரண்டைச் சேர்க்கிறேன். நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனை நாள்தோறும் படமெடுத்துவரும் ஆய்வகம் எங்கள் ஊரில் இருப்பதால், வெயிலைப் பற்றிப் பேச எங்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைத்துக்கொள்வோம்.

முதலாவது, மலையில் வெயில் இதமாகத் தெரிந்தாலும் புற ஊதாக் கதிர் கூடுதல். ஆயிரம் மீட்டர் ஏறினால் அது ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடும். பெரோவ்ஸ்கைட்டுக்கும் கரிமப் பொருள்களால் ஆன படலங்களுக்கும் பகை யாரென்றால் புற ஊதா, ஈரம், ஆக்சிஜன் ஆகிய மூன்றும்தான். பகலில் சுள்ளென்று வெயில், பிற்பகலில் மேகம் இறங்கி எல்லாவற்றையும் நனைப்பது, இரவில் குளிர் என்று ஒரே நாளில் மூன்றையும் தரும் நம் மலைகளைவிடக் கடினமான சோதனைச் சாலை அவற்றுக்கு அமைவது அரிது. சிலிக்கான் பேனல் முன்பக்கக் கண்ணாடியும் ஒட்டுப்படலமும் சட்டமும் கொண்டு அடைக்கப்பட்டிருப்பதால்தான் 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். வெறும் பூச்சுக்கு அந்தக் கவசம் இல்லை; கவசம் போட்டால் அது பூச்சாக இராது, பேனலாகிவிடும்.

இரண்டாவது, "கேடு இல்லை" என்ற பேச்சு. திறன் மிகுந்த பெரோவ்ஸ்கைட்டுகளில் ஈயம் இருக்கிறது. சதுர மீட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவுதான். ஆனால் அது நீரில் கரையக்கூடிய சேர்மமாக இருப்பதால், கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கும் வீடுகளில் அதை அலட்சியம் செய்ய முடியாது. வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் சோலைக்குள் கலந்த கதையை நேரில் கண்ட ஊர் எங்களுடையது. தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டும் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆகவே உலோகம் என்றால் எங்களுக்கு இரண்டாம் முறை கேட்கத் தோன்றும். சிலிக்கான் பேனலின் பற்றவைப்பிலும் ஈயம் உண்டு என்பது உண்மை. எனினும் எடையில் பெரும்பங்கு கண்ணாடியும் அலுமினியமும். தன்னைச் செய்யச் செலவான ஆற்றலை வெயில் நாடுகளில் ஒன்றிரண்டு ஆண்டுகளில் திருப்பித் தந்துவிடும். பழைய பேனலும் 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வந்துவிட்டது. ஐந்தாண்டில் உரிந்துபோகும் பூச்சைக் கூரையிலிருந்து சுரண்டி எந்த விதியின்கீழ் யாரிடம் ஒப்படைப்பது?

மறுமொழி: கோவையில் படிக்கும் மாணவி, சொந்த ஊர் கூடலூர்

பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பூச்சு என்ற சொல்லையே ஏமாற்று என்று ஒதுக்கிவிடுவது சரியல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. காட்மியம் டெலுரைடு பேனல் என்பதே கண்ணாடியின்மேல் சில மைக்ரோமீட்டர் தடிமனில் படியவைத்த பூச்சுதான். அதைத் தயாரிக்கும் ஃபர்ஸ்ட் சோலார் தொழிற்சாலை 2024 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் அருகே திறக்கப்பட்டது. சிலிக்கானின்மேல் பெரோவ்ஸ்கைட் பூசிய இரட்டைக் கலங்கள் ஆய்வகத்தில் 34 விழுக்காட்டை எட்டியுள்ளன. ஆக்ஸ்ஃபோர்டு பிவி நிறுவனம் அத்தகைய பேனல்களை 2024இல் விற்பனைக்கு அனுப்பியது. மங்கிய ஒளியில் சாயமேற்றிய கலங்களும் பெரோவ்ஸ்கைட்டும் சிலிக்கானைவிடக் குறைவாகவே சோர்வடைகின்றன என்பதும் உண்மைதான். தென்மேற்குப் பருவம் முழுவதும் சூரியனைப் பார்க்காமலே இருக்கும் எங்கள் கூடலூருக்கு அது சின்ன விஷயமல்ல. பூச்சு பேனலுக்கு மாற்றாக வரவில்லை, பேனலுக்குள் வந்துகொண்டிருக்கிறது என்பதே என் கருத்து.

மறுமொழி: உதகை, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

தங்கையின் திருத்தத்தை ஏற்கிறேன். ஆயினும் ஒன்று: அடர்ந்த மேகத்தில் பேனலின்மேல் விழும் ஒளியே நல்ல வெயிலில் விழுவதில் பத்திலிருந்து இருபத்தைந்து விழுக்காடுதான். வராத வெளிச்சத்தை எந்தப் பூச்சும் உண்டாக்காது.

மறுமொழி: குன்னூர், சோலார் வேலை பார்ப்பவர்

நான் படித்தது ஐடிஐ. ஆராய்ச்சி எனக்குத் தெரியாது; கூரையில் கண்டதைச் சொல்கிறேன்.

மலையில் பேனல் நன்றாகவே வேலை செய்கிறது. சூடு கூடக்கூடச் சிலிக்கானின் திறன் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறையும். சமவெளியில் கோடையில் கலம் 65 டிகிரிக்குப் போகும். இங்கே 45ஐ ஒட்டி நிற்கும். ஆகவே தெளிந்த பகலில் நம் பேனல் கீழே இருப்பதைவிடக் கூடுதலாகத் தரும். எதிரிகள் வேறு. தோட்டத்துச் சில்வர் ஓக் நிழல் ஒன்று. இன்னொன்று பாசி: பேனலின் கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் தேங்கும் இடத்தில் பிடித்துக்கொண்டு மெல்லக் கண்ணாடிமேல் ஏறும். மெல்லிய துணியும் வெறும் தண்ணீரும் கொண்டு துடைக்க வேண்டும். கம்பிநார் போட்டால் எதிரொளிப்புத் தடுக்கும் பூச்சு போய்விடும். பாருங்கள், அதுவும் ஒரு பூச்சுதான்.

550 வாட் பேனல் ஒன்று 28 கிலோ அளவு இருக்கும். துரு ஏறிய தகரத்தில் நேரடியாகத் திருகு போடக் கூடாது. கீழே உள்ள பர்லினில், அதாவது தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில், பிடிக்க வேண்டும், முடிந்தால் தகரத்தையே முதலில் மாற்ற வேண்டும். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் உண்டு. உள்நாட்டில் செய்த கலங்கள் கொண்ட பேனலுக்கே அது கிடைக்கும். பூச்சுக்கு எவரும் மானியம் தரமாட்டார்கள். வந்தவரிடம் ஐஇசி 61215 சான்றிதழ் கேளுங்கள்; பேனல் வெளியில் தாங்குமா என்று சோதிக்கும் பன்னாட்டுத் தரம் அது. 85 டிகிரி வெப்பம், 85 விழுக்காடு ஈரப்பதம், 1,000 மணி நேரம் என்ற சோதனை அதில் அடங்கும்.

ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியைத்தான் நான் முதலில் பார்த்தேன். கீசர்தான் பிரச்சினை என்றால் உங்களுக்கு மின்சாரமே வேண்டாம், வெந்நீர்தான் வேண்டும். 100 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 55க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 4.7 யூனிட் ஆகும். இரண்டு மாதக் கணக்கில் 280 யூனிட். மின்வாரியம் தரும் இலவச யூனிட் எங்கே போகிறது என்று தெரிகிறதா? வெற்றிடக் குழாய் வாட்டர் ஹீட்டரில் உள்குழாயின் மேல் ஒரு கரும்பூச்சு இருக்கும். அது வெயிலில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சும், ஆனால் அதே சூட்டில் உள்ள முழுக் கரும்பொருள் வெளியே கதிர்வீசுவதில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகவே கதிர்வீசும். உதகை அருகே தலைகுந்தாவில் உறைபனி விழுகிற காலையிலும், நடுவில் வெற்றிடம் இருப்பதால் முந்தின நாள் சூடு ஓரளவு தங்கும்.

கேட்பவர்: கோத்தகிரிவாசி

அனைவருக்கும் நன்றி. சான்றிதழ் கேட்டு அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். முதலில் அனுப்புகிறேன் என்றார். மறுநாள் அனுப்பியது ஒரு விளம்பரத் தாள். அதை நிதானமாகப் படித்தபோது, வெயிலைத் திருப்பி அனுப்பி வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கும் வெள்ளை வண்ணம் என்றே எழுதியிருக்கிறது; மின்சாரம் என்ற சொல்லே அதில் இல்லை. மார்கழியில் இரண்டு கம்பளி போர்த்திக்கொள்ளும் வீட்டுக்குக் குளிர்ச்சி தரும் பூச்சை விற்க வந்திருக்கிறார்!

முதலில் வாட்டர் ஹீட்டர், தகரம் மாற்றிய பின் 2 கிலோவாட் பேனல் என்று முடிவு செய்திருக்கிறோம். குன்னூர் அண்ணா, குழாயை எந்தத் திசையில் வைப்பது, வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி: குன்னூர், சோலார் வேலை பார்ப்பவர்

உங்கள் பக்கம் பிற்பகலில் மேகம் இறங்கும் என்றால் தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே திருப்பி வையுங்கள். காலை வெயில் வீணாகாது. ஒவ்வொரு குழாயின் அடிமுனையும் வெள்ளிபோலப் பளபளக்கிறதா என்று பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் வெற்றிடம் போய்விட்டது, வாங்காதீர்கள். முதன்முறை தண்ணீர் நிரப்புவதை விடியற்காலையில் செய்ய வேண்டும். வெயிலில் காய்ந்த வெறுங்குழாயில் நம் ஊர்ச் சில்லென்ற தண்ணீர் பட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.