மறுமடல்: அம்மன் கோவில் பைப் பந்தல் – இரண்டாம் தவணை

அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர் அம்மன் கோவில் பாரதக் கூத்துக்குக் கட்டுகிற பைப் பந்தலுக்கு, இரண்டாம் தவணையாக ஆளுக்கு ஐயாயிரம் கேட்டு மாது அண்ணன் போட்ட மடலைப் பார்த்தேன். என் பங்கை இன்னும் அனுப்பவில்லை. காரணத்தை எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மஸ்கட் போனதும் ஆள் மாறிவிட்டான் என்று ஆரம்பித்துவிடுவீர்கள்.

என் தங்கை வீட்டுக்காரர் போன வாரம் காவேரிப்பட்டணத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், அப்படியே நம் ஊர்ப் பந்தலையும் எட்டிப் பார்த்திருக்கிறார். கூத்து மேடை ஓரத்து மூலைக் காலில் கை வைத்து லேசாகத் தள்ளினாராம். எதிர் மூலை வரைக்கும் ஆடியதாம். அவர் அனுப்பிய படங்களில், பைப்புகளை இணைக்கிற கிளாம்புக்கும் பைப்புக்கும் நடுவில் தகரத்தை மடித்துச் செருகியிருப்பது நன்றாகவே தெரிகிறது. சாரத்தைப் பரிசோதிப்பதுதான் இங்கே என் வேலை. இப்படித் தகரம் செருகிய சாரத்தில் அன்றைக்கே சிவப்பு அட்டை தொங்கவிடுவோம், ஒரு ஆள் ஏற முடியாது.

நாம் கூடிப் பேசி முடிவு செய்தது ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். தண்ணீர்க் குழாய்க் கணக்கில் ஒன்றரை இஞ்ச் என்றால் வெளிவிட்டம் 48.3 மி.மீ. கிளாம்புகள் அந்த அளவில்தான் வாங்கியிருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் வந்து இறங்கியது நாற்காலி, கட்டில் செய்கிற பைப். அதில் ஒன்றரை இஞ்ச் என்றால் வெளிவிட்டமே 38 மி.மீ.தான். பத்து மி.மீ. இடைவெளியைத் தகரத்தால் அடைக்கலாம் என்று யார் சொன்னது?

கிளாம்பு எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்தால் இந்த வேலையை யாரும் செய்ய மாட்டார்கள். கிளாம்பின் வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் பைப்பை நுழைத்து, பக்கத்துத் திருகை அறுகோண அலன் கீயால் முறுக்குகிறோம். திருகின் குழிந்த நுனி பைப்பைக் கடித்து, எதிர்ச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. அளவு சரியாக இருந்தால் பைப்பின் முதுகு கூட்டில் முழுக்கப் படியும். சின்னப் பைப் ஒரு கோட்டில் மட்டும்தான் தொடும். போதாததற்கு இது 16 கேஜ், ஒன்றரை மி.மீ. சொச்சம் கனம். முறுக்க முறுக்க நசுங்கும். நாங்கள் முறுக்கு விசையை அளக்கிற டார்க் ரெஞ்ச் வைத்து 39 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குகிற திருகு அது. மேஸ்திரி பயந்துபோய்ப் பாதியில் விட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

"பேசாமல் எல்லா மூட்டுகளையும் வெல்டிங் வைத்துவிடலாம்" என்கிறார் மாது அண்ணன். வேண்டாம் அண்ணே. வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், முதலில் துரு பிடிப்பது அங்கேதான். பதினெட்டு நாள் பாரதம் முடிந்ததும் பிரித்துப் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கும் எருது விடும் விழாவுக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதானே கிளாம்புக்கே போனோம்? இந்த வகைக் கிளாம்பு 1934-இல் இங்கிலாந்தில் மாட்டுத் தொழுவத் தடுப்புக் கட்டத்தான் முதலில் வந்தது. நம் ஊருக்கு ஒத்துவராது என்று யாரும் பேச வேண்டாம்.

இன்னொன்று, பந்தல் முழுக்கக் குறுக்குச் சட்டம் ஒன்றுகூட இல்லை. காலும் உத்தரமும் மட்டும் சதுரம் சதுரமாக நின்றால், மூட்டு எவ்வளவு இறுகியிருந்தாலும் ஒரு பக்கமாகச் சாயும். மூலைக்கு மூலை சாய்வாக ஒரு பைப் ஓட வேண்டும். சாய்வுக்குத் திரும்புகிற ஸ்விவல் கிளாம்பு தனியாகக் கிடைக்கிறது. சித்திரை மாதச் சாயங்காலக் காற்றை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது கூரை ஷீட்டைக் கீழிருந்து தூக்கும், கால் சும்மா தரையில் நின்றால் அதுவும் கூடவே கிளம்பும். காலுக்குக் கால் இரண்டு இஞ்ச் பைப் துண்டைக் கான்கிரீட்டில் புதைத்துவிடுங்கள். ஒன்றரை இஞ்ச் கால் அதற்குள் தாராளமாக இறங்கும். குறுக்கே ஒரு போல்ட் போட்டால் மேலே வராது. விழா முடிந்ததும் மூடி போட்டுவிடலாம்.

பைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நீலக் கோடு போட்ட மீடியம் பைப், 3.2 மி.மீ. கனம், வாங்கச் சொல்லுங்கள். அன்றைக்கே பணம் அனுப்புகிறேன். நன்கொடையாளர் பெயர் போட்ட வளைவுக்கு மட்டும் ஒரு பைசா தர மாட்டேன்.

– மேட்டுத்தெரு, மஸ்கட்

*

தம்பி சொன்னது சரி. எனக்கு விட்டம் தெரியாது, எடை தெரியும். நீலக் கோடு பைப் ஆறு மீட்டர் நீளம் ஏறக்குறைய 21 கிலோ இருக்க வேண்டும். அந்த நாற்காலி பைப் 9 கிலோகூட வராது. பைப் கிலோ கணக்கில்தான் விற்கிறது. பில்லில் என்ன எடை போட்டிருக்கிறது? எடை மேடைச் சீட்டு எங்கே? முதல் தவணையில் 37 பேர் கொடுத்தது 1,85,000. நான் கணக்கு கேட்டு மூன்று மாதம் ஆகிறது. தேர்ச் சக்கரத்துக்கு வசூல் செய்தபோதும் இதே பதில்தான் வந்தது, "ஊருக்கு வந்து நோட்டைப் பாருங்கள்" என்று.

– போஸ்ட்மேன் வீடு, சிங்கப்பூர்

*

என் மைத்துனன் வாங்கிய பைப் என்பதால்தான் இவ்வளவு பேச்சு என்று எனக்குத் தெரியாதா? தக்காளி மண்டி விவகாரத்தில் யார் வீட்டுக்கு யார் ஜாமீன் நின்றது என்பதை போஸ்ட்மேன் வீட்டார் மறந்துவிட்டார்கள். சரி, கடைக்காரரிடம் பேசிப் பைப்பை மாற்றச் சொல்கிறேன். வெட்டிய துண்டுகளைத் திரும்ப எடுக்க மாட்டார், அந்த நஷ்டம் என்னுடையதாகவே இருக்கட்டும்.

ஆனால் வளைவு கட்டாயம் வேண்டும். பக்கத்து ஊரில் விளக்கு போட்டு வளைவு வைத்திருக்கிறார்கள். நம் சின்ன வயதில் சவுக்கும் தென்னங்கீற்றும் வைத்து நம் ஊர்ப் பந்தல் நின்றது, பாப்பாரப்பட்டி வரைக்கும் அதைப் பற்றிப் பேசுவார்கள். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு விடிய விடிய உட்கார இடம் கிடைக்காது. அந்த மரியாதை போய்விட்டது. அதைச் சொன்னால் திருகு, நியூட்டன் என்கிறீர்கள்.

– மாது

*

மாது அண்ணா, வளைவை அடுத்த வருஷம் பார்க்கலாம். எல்லோரும் புதைக்கிறோம் புதைக்கிறோம் என்கிறீர்கள், யாராவது குழி தோண்டும் முன்னால் என் அம்மாவைக் கேட்டீர்களா? கோவிலுக்கு வடக்கே எங்கள் தெருக் குடிநீர்க் குழாய் ஒரு அடி ஆழத்தில்தான் போகிறது. அந்த இணைப்புக்கு அம்மா எத்தனை முறை மனு எழுதினார் என்று இந்தக் குழுவில் ஒருவரும் கேட்டதில்லை, நன்கொடையும் கேட்டதில்லை. வடக்கு வரிசைக் கால்களை நான்கு அடி உள்ளே தள்ளிப் போடுங்கள். அப்படிப் போட்டால் என் ஐயாயிரமும் வரும்.

– வடக்குத் தெரு, டொரொண்டோ