டெலீட் செய்த பிறகும் ஐடி 1-இலிருந்து தொடங்கவில்லை

கேள்வி:
வணக்கம். மைஎஸ்கியூஎல் 8.0 தரவுத்தளத்தில் ஆர்டர்ஸ் டேபிளில் இருந்த 340 சோதனை வரிசைகளையும் டெலீட் கட்டளையால் நீக்கினேன். அடுத்துச் சேர்த்த வரிசை 341 என்ற ஐடியைப் பெற்றது. உடனே ஆல்டர் டேபிள் மூலம் ஆட்டோ இன்க்ரிமெண்ட் (தானாகக் கூடும் அடுத்த ஐடி) மதிப்பை 1 என அமைத்தேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை, ஆனால் அடுத்த வரிசைக்கு 342 கிடைக்கிறது. சர்வரை ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை. இந்த டேபிளை ஆர்டர் ஐட்டம்ஸ் டேபிள் ஃபாரின் கீ (வேறொரு டேபிளின் ஐடியோடு பிணைக்கும் இணைப்பு) வழியாகச் சுட்டுகிறது.

பதில் 1:
341-ஆம் வரிசை டேபிளில் இருந்ததுதான் காரணம். நீங்கள் தரும் எண், இருக்கும் ஐடிகளுள் மிகப் பெரியதைவிடச் சிறியதாக இருந்தால், இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லில் தரவைச் சேமிக்கும் எஞ்சின்) அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு அந்தப் பெரிய ஐடிக்கு அடுத்த எண்ணை வைத்துக்கொள்ளும். எஞ்சிய வரிசைகளையும் நீக்கிவிட்டு அதே ஆல்டர் கட்டளையை மீண்டும் இயக்குங்கள். மைஎஸ்கியூஎல் 5.7 வரை, அடுத்த ஐடியைக் கணக்கு வைக்கும் இந்தக் கவுண்ட்டர் நினைவகத்தில் மட்டுமே இருந்ததால், காலி டேபிளில் ரீஸ்டார்ட் செய்தாலே எண் 1-க்குத் திரும்பிவிடும், 8.0 முதல் அது வட்டில் சேமிக்கப்படுகிறது.

டேபிளை மொத்தமாகக் காலி செய்யும் டிரங்கேட் கட்டளையும் எண்ணை மீட்டமைக்கும், ஆனால் ஃபாரின் கீ இருப்பதால் உங்கள் டேபிளில் அது மறுக்கப்படும். ஃபாரின் கீ சோதனையை அணைத்துவிட்டு டிரங்கேட் செய்யும்படி சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆர்டர் ஐட்டம்ஸில் பழைய வரிசைகள் தங்கிவிட்டால், நாளை வரும் 1-ஆம் ஆர்டருடன் அவை தாமாகவே ஒட்டிக்கொள்ளும்.

பதில் 2:
போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. அங்கே எண்ணைத் தருவது சீக்வன்ஸ் என்னும் தனிப் பொருள் என்பதால், ரீஸ்டார்ட் ஐடென்டிட்டி என்று சேர்த்துச் சொன்னாலொழிய டிரங்கேட் கூட அதைத் தொடாது. ஐடிகளுடன் தரவை இம்போர்ட் செய்யும்போது சீக்வன்ஸ் பின்தங்கிவிடுவதும், அடுத்த இன்சர்ட்டில் டூப்ளிகேட் கீ பிழை வருவதும் அடிக்கடி நடப்பவை. செட்வால் என்ற ஃபங்ஷன் மூலம் அதை மிகப் பெரிய ஐடிக்கு உயர்த்த வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, இப்போது 1-இலிருந்து தொடங்குகிறது. பயன்பாட்டில் உள்ள இன்னொரு டேபிளில் நடுநடுவே ஐடிகள் விடுபட்டுள்ளன. அவற்றையும் வரிசையாக மாற்றி எழுதலாமா?

பதில் 1:
வேண்டாம். அனுப்பிய மின்னஞ்சல்களிலும் லாக் கோப்புகளிலும் பழைய எண்களே இருக்கும். அவற்றை எந்தக் கட்டளையாலும் திருத்த முடியாது. ரோல்பேக் ஆன (பாதியில் ரத்தான) இன்சர்ட்டுக்குத் தந்த எண்ணும் பொதுவாகத் திரும்பி வராது என்பதால், இன்று அடைத்தாலும் இடைவெளிகள் மறுபடி தோன்றும். எண் தீர்ந்துவிடும் என்ற கவலையும் தேவையில்லை: சாதாரண இன்ட் வகையே 214 கோடிக்கு மேல் தாங்கும். பில் எண் இடைவெளியின்றி வர வேண்டுமென்றால், அதற்கெனத் தனி நெடுவரிசை (column) வைத்து, பில் உறுதியாகும் அதே டிரான்சாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும் அல்லது முழுதாக ரத்தாகும் கட்டளைத் தொகுப்புக்குள்) எண்ணை வழங்குங்கள்.