முதல் ரோலர் கோஸ்டர் எது: சக்கரம் பூட்டப்பட்டிருந்ததா, இல்லையா?

அச்சாணி:
"உலகில் முதன்முதலாக" என்ற தலைப்பில் நண்பர் பொழில் நேற்று இட்ட பட்டியலைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. உலகின் முதல் ரோலர் கோஸ்டர் 1884 ஜூன் 16 அன்று நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்சன் திறந்துவைத்தது என்று, ஐயத்துக்கு இடமில்லாத ஒரு தொனியில் அவர் எழுதியிருக்கிறார். அதற்கு 67 ஆண்டுகளுக்கு முன்பே, அதாவது 1817இல், பாரிஸின் பெல்வீல் பகுதியில் ஒன்றும் பொஜோன் தோட்டத்தில் ஒன்றுமாக இரண்டு சறுக்குப் பாதைகள் மக்களை ஏற்றிக்கொண்டு ஓடின. பெல்வீலில் வண்டியின் அச்சு முனைகள் வெளியே நீண்டு, பாதையோரத்தில் வெட்டப்பட்ட காடிக்குள் நுழைந்து ஓடின. ஆகவே வண்டி பாதையை விட்டு விலக வழியில்லை. சக்கரம் பாதையோடு பூட்டப்பட்ட நாளே ரோலர் கோஸ்டர் பிறந்த நாள். பட்டியல் போடுகிறவர்கள் போடுவதற்கு முன் கொஞ்சம் படிக்கவும் செய்தால் நல்லது.

பொழில்:
நான் படிக்காமல் எழுதியதாகச் சொல்வது நண்பர் அச்சாணிக்குப் பழகிப்போன ஒன்றுதான். தாம்சன் கோனி தீவில் திறந்த ஸ்விட்ச்பேக் ரயில்வே ஏறக்குறைய 600 அடி நீளமுடையது. இரு முனைகளிலும் கோபுரங்கள் இருந்தன. பயணிகள் பக்கவாட்டில் திரும்பிய பெஞ்சுகளில் உட்கார்ந்து, மணிக்குச் சுமார் 6 மைல் வேகத்தில் மறுமுனை வரை சென்றார்கள். அங்கே அவர்கள் இறங்கியதும் பணியாளர்கள் வண்டியைத் தள்ளி அடுத்த பாதைக்கு மாற்றினார்கள். மீண்டும் ஏறித் திரும்பி வந்தார்கள். கட்டணம் ஐந்து சென்ட். அதற்கு அடுத்த ஆண்டே தாம்சனுக்குக் காப்புரிமையும் கிடைத்தது. இன்று உலகெங்கும் ஓடுகிற ரோலர் கோஸ்டர்களின் பரம்பரை இங்கிருந்துதான் கிளைத்தது. பாரிஸில் இருந்தவை சில ஆண்டுகளில் மறைந்துபோயின. பிள்ளை இல்லாமல் போனவரைக் குலமுதல்வர் என்று யாரும் சொல்வதில்லை.

உறைபனி:
இரண்டு பேரும் சண்டை போடுவதைப் பார்த்தால், வீட்டுக்கு உரிமையாளர் வெளியே நிற்கும்போது இரண்டு வாடகைக்காரர்கள் வீடு யாருடையது என்று அடித்துக்கொள்வது போலிருக்கிறது. பெல்வீலில் இருந்ததற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் என்ன? "ரஷ்ய மலைகள்". ஸ்பானிய மொழியில் இன்றைக்கும் ரோலர் கோஸ்டருக்கு "ரஷ்ய மலை" என்றே பெயர். பெயரிலேயே பிறந்த ஊர் எழுதியிருக்கும்போது பிறப்புச் சான்றிதழ் எதற்கு? 17ஆம் நூற்றாண்டிலேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 70, 80 அடி உயரத்துக்கு மரச்சட்டம் எழுப்பி, அதன்மேல் நீரூற்றி உறையவைத்து, மக்கள் சறுக்கி விளையாடினார்கள்.

அச்சாணி:
நண்பர் உறைபனிக்கு ஒரு சிறு செய்தி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தை மகா பீட்டர் நிறுவியது 1703இல். அதாவது 18ஆம் நூற்றாண்டில். இல்லாத நகரத்தில் எந்த மக்கள் சறுக்கினார்கள் என்பதை அவர்தான் விளக்க வேண்டும். அதை விடுவோம். பனிச்சறுக்குக்குச் சக்கரம் எங்கே? சக்கரமே இல்லாதபோது பூட்டு எங்கே? மேட்டிலிருந்து சறுக்குவதெல்லாம் ரோலர் கோஸ்டர் என்றால், வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்த முதல் மனிதருக்கும் பட்டியலில் ஓரிடம் கொடுக்க வேண்டியிருக்கும். "ரஷ்ய மலை" என்ற பெயரைப் பற்றியும் ஒரு சொல்: ரஷ்யர்கள் தங்கள் மொழியில் ரோலர் கோஸ்டரை "அமெரிக்க மலைகள்" என்று அழைக்கிறார்கள். பெயரை வைத்துப் பிறந்த ஊர் காண்பதென்றால், ரஷ்யர்களே உங்கள் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

பொழில்:
ரஷ்யர்களே "அமெரிக்க" என்கிறார்கள் என்பதை எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. என் பட்டியலுக்கு இதைவிட நல்ல சான்று வேறு இல்லை.

அச்சாணி:
நான் கேட்டது பூட்டைப் பற்றி. கோனி தீவில் சக்கரம் பாதையோடு பூட்டப்பட்டிருந்ததா, இல்லையா? ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

உறைபனி:
நகரத்தின் வயதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவருக்கு நான் சொல்ல வந்தது புரியாததில் வியப்பில்லை. அந்த நிலப்பகுதி என்ற பொருளில்தான் நான் எழுதினேன். சக்கரம் வேண்டும் என்கிறீர்கள், தருகிறேன். பேரரசி இரண்டாம் கேத்தரினுக்காக, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே உள்ள ஓரனியன்பாமில் அந்தோனியோ ரினால்டி கட்டிய சறுக்கு மலை, 1762இல் தொடங்கி 1774இல் முடிந்தது. பாதையின் நீளம் 500 மீட்டருக்கும் மேல். அதில் கோடைக்காலத்தில் ஓடியவை சக்கரம் வைத்த சிறு வண்டிகள். பாதை 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டாலும், பேரரசியும் விருந்தினரும் தங்கி இளைப்பாறிய நீலமும் வெள்ளையுமான மண்டபம் இன்றும் அங்கே நிற்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். பெல்வீலுக்கு 40 ஆண்டுகளுக்கு மேல் மூத்தது இது.

தண்டவாளம்:
மன்னிக்க வேண்டும், இடையில் புகுகிறேன். பென்சில்வேனியாவின் மாக் சங்க் ஈர்ப்பு ரயில் பாதையை ஒருவரும் குறிப்பிடாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1827இல் சம்மிட் ஹில்லிலிருந்து நிலக்கரியைக் கீழே கொண்டுவரப் போட்ட பாதை அது. ஏறக்குறைய 9 மைல் நீளம். நிலக்கரி வண்டிகள் தம் எடையாலேயே இறங்கும், காலி வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துச் செல்லும். அந்தக் கழுதைகளும் கீழே வரும்போது தமக்கென்று ஒதுக்கிய வண்டியில் நின்றபடி சவாரி செய்தே வந்தன. பின்னாளில் நிலக்கரிக்கு வேறு வழி கிடைத்ததும், சுற்றுலாப் பயணிகளுக்காகவே அந்தப் பாதை 1930கள் வரை ஓடியது. தாம்சனுக்கு எண்ணம் பிறந்ததே இதைப் பார்த்துத்தான் என்பார்கள்.

அச்சாணி:
கழுதைகள் பயணம் செய்ததை முதல் ரோலர் கோஸ்டராக ஏற்பதா என்பதைக் கழுதைகளிடமே விட்டுவிடுகிறேன். அது சரக்கு ரயில் பாதை.

தண்டவாளம்:
கழுதைகளைக் கேலி செய்ய வேண்டாம். ஒருமுறை வண்டியில் இறங்கிப் பழகிய கழுதைகள் அதன்பிறகு நடந்து இறங்க மறுத்துவிட்டன என்று சொல்வதுண்டு. ஒரு பயணம் மகிழ்ச்சி தந்தது என்பதற்கு இதைவிடச் சான்று எந்தப் பேரரசியிடம் இருக்கிறது?

நடுவழி:
நண்பர்களே, ஒரு வேண்டுகோள். ரோலர் கோஸ்டர் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் நாம் முடிவு செய்துகொண்டால் என்ன? மகிழ்ச்சிக்காகக் கட்டியிருக்க வேண்டுமா, சக்கரம் இருந்தால் போதுமா, ஏறிய இடத்திலேயே இறக்கிவிட வேண்டுமா, கட்டணம் வாங்கியிருக்க வேண்டுமா? இவற்றில் எதைக் கொள்கிறோமோ அதற்கேற்ப விடையும் மாறும் அல்லவா?

அச்சாணி:
நடுவழி அவர்களின் நல்லெண்ணத்துக்கு நன்றி. பொழில் இன்னும் பதில் சொல்லவில்லை. உறைபனியும் ஓரனியன்பாமில் சக்கரம் இருந்தது என்றாரே ஒழிய, சக்கரம் பூட்டப்பட்டிருந்தது என்று சொல்லவில்லை. சக்கரம் இருப்பது வேறு, பூட்டியிருப்பது வேறு. மாட்டு வண்டிக்கும் சக்கரம் உண்டு.

பொழில்:
பூட்டு, பூட்டு என்று மூன்று முறை கேட்டாகிவிட்டது, ஆகவே சொல்கிறேன். உங்கள் பாரிஸ் பூட்டு ஒரு பக்கத்துப் பூட்டு. இன்றைய ரோலர் கோஸ்டர் ஆகாயத்தில் தலைகீழாகத் தொங்கினாலும் விழாமல் இருப்பதற்குக் காரணம், தண்டவாளத்தின் மேலே ஒரு சக்கரம், பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று பக்கமும் கவ்விப் பிடிக்கும் அமைப்பு. அந்த அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் காப்புரிமை பெற்றது 1919இல், அமெரிக்காவில். பூட்டுதான் அளவுகோல் என்றால் விடை 1817 அன்று, 1919. உங்கள் அளவுகோலாலேயே நீங்கள் தோற்றுவிட்டீர்கள். இயந்திரச் சங்கிலியால் வண்டியை மேடேற்றும் முறையையும் 1885இல் பிலிப் ஹிங்கிள்தான் தந்தார் என்பதைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

உறைபனி:
அப்படியானால் 1902இல் கட்டி இன்றும் பென்சில்வேனியாவின் அல்டூனாவில் நிற்கிற "லீப் த டிப்ஸ்" ரோலர் கோஸ்டர் இல்லையா? இருப்பவற்றிலேயே மிகப் பழையது என்று உலகமே கொண்டாடும் அந்த மரக்கோஸ்டரில் அடிச்சக்கரம் கிடையாது. பொழிலின் கணக்குப்படி அது வெறும் மரத்தட்டி. அச்சாணியின் கணக்குப்படி என்னவென்று அச்சாணியே சொல்லட்டும், அவருக்குத்தான் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டே.

அச்சாணி:
கவனியுங்கள், பொழில் அவர்களே. 1919க்கு முன் அடிச்சக்கரம் இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதாவது 1884இல் தாம்சனின் வண்டி பூட்டப்படாமல்தான் ஓடியது என்பதை உங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். மணிக்கு 6 மைல் வேகத்தில் போகிற வண்டியைப் பூட்ட வேண்டிய தேவையும் இல்லைதான். சற்று வேகமாக ஓடுகிற ஒருவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். காப்புரிமையைப் பற்றியும் பெருமையடித்தீர்கள். சாய்தள ரயில் பாதைக்கு ரிச்சர்ட் நுட்சன் 1878லேயே காப்புரிமை பெற்றிருந்தார். தாம்சன் கட்டியது அதே போன்ற அமைப்பைத்தான். ஆக, தாம்சன் பூட்டவும் இல்லை, முதலில் நினைக்கவும் இல்லை. ஐந்து சென்ட் வாங்கினார், அவ்வளவே. உறைபனி கேட்டதற்கும் பதில்: லீப் த டிப்ஸில் வண்டியைப் பக்கவாட்டுச் சக்கரங்களும் பக்கத் தடுப்புகளும் விலகாமல் காக்கின்றன. விலகாமல் காப்பதுதான் பூட்டு. ஆகவே அது ரோலர் கோஸ்டர்தான்.

உறைபனி:
இப்போது தடுப்பும் பூட்டாகிவிட்டது. நேற்றுவரை அச்சு காடிக்குள் நுழைந்தால்தான் பூட்டு. நாளைக்குக் கயிறு கட்டினாலும் பூட்டு என்பார்.

பொழில்:
இது அவருக்குப் புதிதன்று. போன மாதம் ராட்டினத்தைப் பற்றிய விவாதத்தில் என்ன நடந்தது என்பதை இங்கே பலரும் அறிவார்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெர்ரிஸ் நிறுவிய 264 அடி ராட்டினத்தை முதலாவது என்று நான் எழுதினேன். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர் என ஒரே நேரத்தில் 2,160 பேரைச் சுமந்தது அது. உடனே இவர் வந்து, அட்லாண்டிக் சிட்டியில் வில்லியம் சோமர்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே மரத்தில் ராட்டினம் அமைத்துவிட்டார், ஃபெர்ரிஸ் மீது வழக்கும் போட்டார் என்று நான்கு நாட்கள் மன்றத்தை உறங்கவிடவில்லை. அப்போது முதலில் செய்தவருக்குத்தான் மாலை என்றார். இப்போது ரஷ்யர்கள் முதலில் செய்தார்கள் என்றால், பூட்டியவருக்குத்தான் மாலை என்கிறார்.

அச்சாணி:
அந்த விவாதத்தில் நான் சோமர்ஸையும் முதல்வர் என்று சொல்லவில்லை. 1620இல் பிலிப்போபொலிஸ் (இன்றைய பல்கேரியாவின் ப்ளோவ்டிவ்) நகரத்தில் சுழலும் ராட்டினங்களைப் பார்த்ததாக ஆங்கிலேயப் பயணி பீட்டர் மண்டி எழுதிவைத்திருப்பதையும் எடுத்துக் காட்டினேன். அதற்குப் பொழில் தந்த பதில் மௌனம். அந்த மௌனம் இன்றும் அங்கே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சென்று படிக்கலாம்.

பொழில்:
எனக்கு வேலை இருந்தது.

தண்டவாளம்:
ராட்டினத்தைப் பேசப் பலருக்கும் நேரம் இருக்கிறது. மாக் சங்க் பாதையில் மனிதர்களும் பணம் கொடுத்துப் பயணம் செய்தார்கள் என்ற என் கருத்துக்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன். அது சரக்குப் பாதைதான். ஆனால் சரக்குப் போனபின் அறுபது ஆண்டுகள் மக்கள் அதில் சென்றது எதற்காக?

உறைபனி:
கழுதைகளின் கருத்தைத் தெரிந்துகொள்ளத்தான் எல்லோரும் காத்திருக்கிறோம்.

நடுவழி:
நான் முன்பு கேட்ட கேள்வியை மீண்டும் வைக்கிறேன். ரோலர் கோஸ்டர் என்பதற்கு நாம் கொள்ளும் வரையறை என்ன?

அச்சாணி:
வரையறை கேட்பவர்களுக்கு என் முதல் பதிவிலேயே விடை இருக்கிறது: சக்கரம் பாதையோடு பூட்டப்பட்டிருக்க வேண்டும். பெல்வீல், 1817. அச்சு முனை காடிக்குள். இதை மறுக்கும் ஒரு சான்றைக்கூட இதுவரை யாரும் இங்கே வைக்கவில்லை. ஓரனியன்பாமில் அச்சு எங்கே ஓடியது என்று உறைபனி காட்டட்டும். கோனி தீவில் எது பூட்டியது என்று பொழில் காட்டட்டும்.

உறைபனி:
மண்டபத்தின் படம் நாளை இடுகிறேன். படத்தைப் பார்த்துவிட்டு, படிக்கட்டில் காடி இல்லை என்று அச்சாணி எழுதுவார்.

பொழில்:
என் பட்டியலில் தாம்சனைச் சொல்லும் ஏழாவது வரியை நான் மாற்றப்போவதில்லை. எட்டாவது வரியையும் சேர்த்துப் படித்துவிடுங்கள்: இரும்புக் குழாய்த் தண்டவாளத்தில் ஓடிய முதல் ரோலர் கோஸ்டர், 1959இல் டிஸ்னிலாந்தில் திறந்த மேட்டர்ஹார்ன். அதில் சக்கரம் பூட்டப்பட்டுத்தான் இருக்கிறது.

அச்சாணி:
குழாயா, இரும்பா? அது எஃகு. எட்டாவது வரிக்கு நாளை காலை வருகிறேன்.